கூரையுள்ள கோட்டையும் கூரையில்லாத கோட்டையும்

ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு போகிறார்கள். எடின்பரோ, ஸ்டர்லிங், அர்க்கார்ட், ஐலன் டோனன், நேரம் இருந்தால் கிளாம்ஸ். நான்கைந்து நாளில் அத்தனையும் பார்த்துவிட்டு, எது எங்கே இருந்தது என்று குழம்பிப்போய்த் திரும்புவார்கள். எல்லா இடத்திலும் கல் சுவர், சுழல் படிக்கட்டு, சுவரில் மாட்டிய வாள்கள், பதினாறாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தை ஆண்ட மேரி அரசியின் படம். இந்தக் குழப்பத்துக்கு ஒரு சுலபமான மருந்து உண்டு. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, கூரை இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், இன்று யார் செலவழித்து அதைக் காக்கிறார்கள், முதலில் போடப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இல்லையென்றால், எப்போது போனது, ஏன் போனது என்று கேளுங்கள். நுழைவுச்சீட்டின் விலையிலிருந்து வழிகாட்டி சொல்லாமல் விடுகிற கதை வரை எல்லாம் இந்தக் கேள்விகளுக்குள் வந்துவிடும்.

கூரை போன இடிபாடுகளில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்வது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசுசார் அமைப்பு. பழைய இரண்டு அமைப்புகளை இணைத்து 2015-ல் உருவாக்கியது. 300-க்கும் மேற்பட்ட இடங்கள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. எடின்பரோவும் ஸ்டர்லிங்கும்கூட அதன் கையில்தான், ஆனால் அவற்றுக்குக் கூரை இருக்கிறது. அரச குடும்பம் அக்கறையோடு காத்ததால் வந்த பாக்கியம் இல்லை இது. 1603-ல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையும் ஏறி லண்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அதற்கப்புறம் இந்த இரண்டு கோட்டைகளும் மெல்ல மெல்லப் படைமுகாம்களாக மாறின. வீரர்கள் படுக்க இடம் வேண்டும். அதனால் ஓட்டை விழுந்தபோதெல்லாம் அடைத்தார்கள். ஸ்டர்லிங்கிலிருந்து இராணுவம் வெளியேறியது 1964-ல்தான்.

கூரையுள்ள வீடுகளில் ஒரு பகுதி நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து என்ற அறக்கட்டளையிடம் இருக்கிறது. 1931-ல் தொடங்கியது, அரசு அமைப்பு அல்ல. கலேன், கிராத்தஸ், கிரெய்கிவார், ஃபைவி, டிரம் எல்லாம் அதனுடையவை. மீதியில் பல இன்னும் பழைய குடும்பங்களிடமே இருக்கின்றன: கிளாம்ஸ், இன்வரேரி, டன்ராபின். பிளேர் கோட்டை போல, குடும்பச் சொத்தாக இருந்து தனி அறக்கட்டளையின் கைக்குப் போனவையும் உண்டு.

இது வெறும் நிர்வாகத் தகவல் மாதிரி தெரியும். ஆனால் பலருடைய பணம் இங்கேதான் வீணாகிறது. 'எக்ஸ்ப்ளோரர் பாஸ்' என்று ஒரு சீட்டு வாங்கினால் நாடு முழுக்கக் கோட்டை பார்க்கலாம் என்று நினைத்து வாங்குகிறார்கள். அது முதலில் சொன்ன அரசுசார் அமைப்பின் இடங்களுக்கு மட்டும்தான் செல்லும். கிளாம்ஸ் வாசலில் அதை நீட்டிப் பயனில்லை, கலேனிலும் இல்லை. பருவமும் இப்படித்தான். இடிபாட்டுக்கு ஈரம் புதிதல்ல. முக்கியமான சில இடிபாடுகள் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். கூரையுள்ள மாளிகைகளில் நிறைய, இலையுதிர்காலம் முடிந்ததும் ஜன்னல் கதவுகளை அடைத்து, நாற்காலிகளுக்கு உறை போட்டு, வசந்தம் வரை மூடிக்கொள்ளும். டிசம்பரில் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துத் திட்டம் போடுவது நல்லது. அப்புறம், அரசர்கள் முடிசூடும் 'விதிக் கல்' எடின்பரோ கோட்டையில் இருப்பதாகப் பழைய வழிகாட்டி நூல்கள் சொல்லும். 2024 முதல் அது பெர்த் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, கூரைகள் எப்படிப் போயின? போரில் போனவை உண்டு. லின்லித்கோ அரண்மனை அதற்கு நல்ல உதாரணம். மேரி அரசி 1542 டிசம்பரில் பிறந்த இடம். 1746-ன் தொடக்கத்தில் கம்பர்லாந்து டியூக்கின் தலைமையில் வந்த அரசுப் படை அங்கே தங்கிக் கிளம்பியபோது தீப்பிடித்தது. அதற்குப் பிறகு யாரும் திரும்பக் கூரை போடவில்லை. இன்று உள்ளே நின்றால், மாடித் தளங்கள் போய், கணப்பு அடுப்புகள் மட்டும் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தரத்தில் நிற்கின்றன. எந்த மாடியில் யார் குளிர்காய்ந்தார்கள் என்பதை அந்த அடுப்புகளை எண்ணியே புரிந்துகொள்ளலாம். முற்றத்தின் நடுவில் ஐந்தாம் ஜேம்ஸ் கட்டிய கல் நீரூற்று. ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு இடிபாடுதான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். எடின்பரோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

லாக் நெஸ் ஏரிக்கரையில் இருக்கும் அர்க்கார்டை 1692-ல் அங்கிருந்த காவல் படையே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனது. எதிரிகளான ஜேக்கபைட்டுகள், அதாவது அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் ஆதரவாளர்கள், பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் காரணம்.

போரை விட அமைதிக்காலம் தின்ற கூரைகளைப் பற்றித்தான் பயணிகளுக்குத் தெரிவதில்லை. ஸ்காட்லாந்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கூரையுள்ள கட்டடத்துக்கு உள்ளாட்சி வரி கட்ட வேண்டும்; கூரையைக் கழற்றிவிட்டால் வரி இல்லை. கூடவே 1894-ல் வந்த மரண வரி, உலகப் போர்களில் இறந்த வாரிசுகள், வேலைக்கு ஆள் கிடைக்காத நிலை, நிலத்திலிருந்து வந்த வருமானத்தின் சரிவு. அறுபது எழுபது அறை உள்ள வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஈயத் தகட்டையும் ஸ்லேட்டையும் கழற்றி விற்றார்கள், சுவரை மழைக்கு விட்டுவிட்டார்கள். அபர்டீன்ஷயர் கடற்கரையில் குரூடன் பே ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்லேன்ஸ் கோட்டையைப் பார்ப்பவர்கள், ஏதோ பெரிய முற்றுகையில் விழுந்தது என்றுதான் நினைப்பார்கள். அதன் கூரை 1925-ல் கழற்றப்பட்டது. மோட்டார் கார் ஓடிய காலத்து இடிபாடு அது.

இன்னும் பெரிய இழப்பு ஹாமில்டன் அரண்மனை. பிரிட்டனில் அரச குடும்பத்துக்கு வெளியே கட்டப்பட்ட மிகப் பெரிய வீடுகளில் ஒன்று அது. ஹாமில்டன் டியூக்குகளின் செல்வத்தில் பெரும்பங்கு அவர்கள் நிலத்தடியில் கிடந்த நிலக்கரி. அதே நிலக்கரியைத் தோண்டத் தோண்ட அரண்மனைக்கு அடியில் நிலம் உள்வாங்கியது. 1882-லேயே உள்ளிருந்த ஓவியங்களும் மேசை நாற்காலிகளும் ஏலத்தில் போயின. 1920-களில் கட்டடத்தையே இடித்தார்கள். இன்று அங்கே போனால் பார்க்க அரண்மனை இல்லை. குடும்பக் கல்லறை மண்டபம் மட்டும் தனியாக நிற்கிறது.

இத்தனை வீடுகள் மறைந்த பின்னணியில்தான், மிச்சமிருக்கும் ஒரு மாளிகைக்குள் டிக்கெட் வாங்கி நுழைவதன் அர்த்தம் விளங்குகிறது. நாம் கொடுக்கும் பணம் அந்தக் கூரைக்குத்தான் போகிறது. பொதுமக்களுக்கு வீட்டைத் திறப்பதும் நேற்று வந்த ஏற்பாடு அல்ல. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1832-ல் இறந்தார். அவருடைய அபட்ஸ்ஃபர்ட் இல்லம் அடுத்த ஆண்டே பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. பிளேர் கோட்டை 1936-ல் திறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிளாம்ஸ், இன்வரேரி என்று வரிசையாகத் திறந்தார்கள். அரசும் ஒரு பேரம் வைத்திருக்கிறது: வரலாற்று முக்கியத்துவம் உள்ள வீட்டுக்கோ ஓவியத்துக்கோ வாரிசுரிமை வரியில் விலக்கு வேண்டுமென்றால், அதை நன்றாகப் பராமரிக்க வேண்டும், பொதுமக்கள் வந்து பார்க்க வழிசெய்ய வேண்டும்.

ஒரு வீடு காப்பாற்றப்படுவது எவ்வளவு நூலிழையில் நடக்கிறது என்பதற்கு டம்ஃப்ரீஸ் மாளிகை சாட்சி. பெயரைப் பார்த்து டம்ஃப்ரீஸ் நகரத்துக்குப் போய்விடாதீர்கள். இது அயர்ஷயரில், பழைய நிலக்கரிச் சுரங்க ஊரான கம்னாக் பக்கத்தில் இருக்கிறது. ஐந்தாம் டம்ஃப்ரீஸ் ஏர்லுக்காக கட்டடக் கலைஞர்களான ஆடம் சகோதரர்கள் 1754 முதல் 1759 வரை கட்டியது. அதற்கென்றே புகழ்பெற்ற மரத்தச்சர் தாமஸ் சிப்பண்டேலின் பட்டறையில் செய்து வாங்கிய மர வேலைகள் இரண்டரை நூற்றாண்டுகளாக அதே அறைகளில், அதே இடங்களில் இருந்தன. அதுதான் அந்த வீட்டின் சிறப்பு. வேறெங்கும் சிப்பண்டேல் நாற்காலி கிடைக்கும். எந்த அறைக்காகச் செய்தார்களோ அந்த அறையிலேயே, பக்கத்தில் எது இருந்ததோ அது பக்கத்திலேயே இருக்க, பார்ப்பது அபூர்வம்.

2007-ல் உரிமையாளரான பியூட் பிரபு வீட்டையும் பொருட்களையும் விற்க முடிவு செய்தார். ஏலப் பட்டியல் அச்சாகிவிட்டது. பொருட்களை ஏற்றிய லாரிகள் லண்டனை நோக்கிக் கிளம்பிவிட்டன. அப்போதைய இளவரசர் சார்ல்ஸ் முன்னின்று பல அமைப்புகளைச் சேர்த்து, 2 கோடி பவுண்டு கடனும் ஏற்பாடு செய்து, மொத்தம் 4.5 கோடி பவுண்டுக்கு வீடு, நிலம், பொருள் எல்லாவற்றையும் வாங்கினார். லாரிகள் பாதி வழியில் திரும்பின. அடுத்த ஆண்டு மாளிகை மக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த லாரிகள் லண்டன் போய்ச் சேர்ந்திருந்தால், ஒவ்வொரு நாற்காலியும் ஒவ்வொரு ஊருக்குப் போயிருக்கும். பொருட்கள் உலகில் எங்கேயாவது பத்திரமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த வீடு இருந்திருக்காது.

கட்டடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அபர்டீன்ஷயரின் கிரெய்கிவார். பால்டிக் கடல் வியாபாரத்தில் பணம் சேர்த்த வில்லியம் ஃபோர்ப்ஸ் 1626-ல் கட்டி முடித்த கோபுர வீடு. வெளிச்சுவர் முழுக்க இளஞ்சிவப்பு. கீழே பாதிக்கு மேல் வெறும் சுவர், சின்னச் சின்ன ஜன்னல்கள். உச்சியில்தான் துருத்திக்கொண்டு நிற்கும் மூலைக் கோபுரங்கள், கூம்புக் கூரைகள், அலங்காரம் எல்லாம். உள்ளே நுழைய ஒரே வாசல். மரக் கதவுக்குப் பின்னால் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிய இன்னொரு கதவு. தரைத்தளம் கல் வளைவுக் கூரையோடு சமையலுக்கும் சேமிப்புக்கும்; முதல் மாடியில் கூடம், கணப்புக்கு மேலே சுதையில் செய்த பெரிய அரச முத்திரை; அதற்கு மேலே படுக்கையறைகள். பக்கவாட்டில் விரிய வேண்டிய வீட்டைச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் ஸ்காட்லாந்தின் எந்தக் கோபுர வீட்டுக்குள் போனாலும் வழி தவறாது. மேல்மாடிகளில் மின்விளக்கு கிடையாது. ஜன்னல் வெளிச்சத்திலேயே சுதை வேலைகளைப் பார்க்க வேண்டும். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். படிகள் குறுகல், லிஃப்ட் இல்லை. முட்டி வலி உள்ளவர்கள் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

அந்த இளஞ்சிவப்புப் பூச்சு அழகுக்காக மட்டும் இல்லை. சுண்ணாம்புக் காரை மழைநீரைக் கொஞ்சம் உறிஞ்சும், காற்றடித்தால் வெளியே விட்டுவிடும். இருபதாம் நூற்றாண்டில் பல கோட்டைகளுக்கு நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசினார்கள். சிமென்டில் விரிசல் விழுந்தால் நீர் உள்ளே போகும், திரும்பி வர வழியில்லை. சுவர் உள்ளிருந்து நனைந்து நொறுங்கும். கிரெய்கிவாரிலும் சிமென்ட் பூச்சை உரித்துவிட்டுத் திரும்பச் சுண்ணாம்புக்கே வந்தார்கள். பெரிய பராமரிப்பு வேலை முடிந்து, புது வண்ணத்தோடு 2024-ல் அது மறுபடி திறந்தது. ஹெலன்ஸ்பரோ ஊரில் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டோஷ் 1904-ல் கட்டி முடித்த ஹில் ஹவுஸின் நிலைமை இன்னும் மோசம். கட்டும்போதே சிமென்ட் பூசிய வீடு அது. பல பத்தாண்டு மழையில் ஊறிப்போய், 2019-ல் வீட்டையே மூடி ஒரு பிரம்மாண்டமான இரும்புக் கூண்டு கட்ட வேண்டியதாயிற்று. அதன் சுவர்கள் 3 கோடிக்கும் மேற்பட்ட எஃகு வளையங்களைக் கோத்த வலை. காற்று போகும், மழை பெருமளவு நிற்கும், சுவர் மெல்லக் காயும். கூண்டுக்குள் கட்டிய நடைபாலங்களில் ஏறி, மெக்கின்டோஷ் வடிவமைத்த கூரையையும் புகைபோக்கிகளையும் மேலிருந்தே பார்க்கலாம். பழுதையே காட்சியாக மாற்றியிருக்கும் இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மழை இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. இடிபாடுகளின் உயரத்திலிருந்து கல் பெயர்ந்து விழும் ஆபத்து தெரியவந்ததால், அண்மை ஆண்டுகளில் அரசுசார் அமைப்பின் பல இடங்களில் வேலி போட்டு, கல் கல்லாகச் சோதித்துத்தான் திறக்கிறார்கள். கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தை அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பது உண்மையில் எவ்வளவு பழையது என்ற கேள்வியும் அடிக்கடி எழும். ஐலன் டோனன் 1719-ல் கடற்படைக் கப்பல்களின் குண்டுவீச்சிலும் அதன்பின் வைத்த வெடியிலும் தரைமட்டமானது. இன்று அஞ்சலட்டைகளில் இருக்கும் கட்டடம் 1932-ல் முடிந்தது, பாலமும் அப்போது போட்டதுதான். பிளேர் கோட்டையின் கதை அதைவிடச் சுவாரசியம். 1746-ல் முற்றுகையைத் தாங்கிய கோட்டை. அமைதி வந்ததும், நாகரிகமான மாளிகையாகத் தெரிய வேண்டும் என்று மேல் அரண்களை எடுத்துவிட்டார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, விக்டோரியா காலத்தில், கோட்டை மோகம் திரும்பியபோது டேவிட் பிரைஸ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து அரண்களைத் திரும்பக் கட்டினார்கள். இதையெல்லாம் போலி என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் முன்னோரை எப்படிக் கற்பனை செய்தது என்பதும் வரலாறுதான், கட்டிய ஆண்டு தெரிந்தால் போதும்.

ஸ்டர்லிங் இதைத் தெரிந்தே செய்திருக்கிறது. நான்காம் ஜேம்ஸின் பெருங்கூடத்தை 1999-ல் மீட்டெடுத்தபோது வெளிச்சுவருக்குப் பொன்மஞ்சள் சுண்ணாம்பு அடித்தார்கள். சாம்பல் கல்லைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு அது அதிர்ச்சி. ஆனால் சாம்பல் நிறம்தான் பிற்காலத்து விபத்து. ஐந்தாம் ஜேம்ஸின் அரண்மனை அறைகள் 2011-ல் திறந்தன. கண்ணைப் பறிக்கும் நீலமும் சிவப்பும் பொன்னுமாக. உட்கூரையில் இருப்பவை, ஓக் மரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்குச் செதுக்கிய தலை உருவங்களின் பிரதிகள். அசல்களில் ஒன்று 1777-ல் விழுந்து ஒரு வீரரைக் காயப்படுத்த, எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். தப்பிய அசல்கள் கோட்டையிலேயே தனிக் காட்சிக்கூடத்தில் உள்ளன. சுவரில் தொங்கும் ஒற்றைக்கொம்புக் குதிரைத் திரைகளை நெசவாளர்கள் கையாலேயே நெய்தார்கள்; 2001-ல் தொடங்கி முடிக்கப் பதின்மூன்று ஆண்டு ஆனது.

கடைசியாக, பணம். ஃபைவி கோட்டையைப் பளபளப்பாக்கியது அமெரிக்க எஃகு ஆலைப் பணம். ஆரன் தீவின் பிராடிக் கோட்டையில் இருக்கும் அரிய பொருட்களில் பல, ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையின் பணத்தில் பெக்ஃபர்ட் குடும்பம் சேர்த்தவை. ஸ்டோர்னவேயில் லூஸ் கோட்டையைக் கட்டிய ஜேம்ஸ் மேத்திசன் சீனாவுக்கு அபின் விற்றுச் சம்பாதித்தவர். அந்த அபின் விளைந்தது இந்தியாவில்.

டன்ராபின் இதில் கனமானது. கடலைப் பார்த்து நிற்கும் வெள்ளைக் கோபுரங்கள், 189 அறைகள், கீழே பிரெஞ்சு பாணித் தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்லாந்து சீமாட்டியும் அவர் கணவரும் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் பரம்பரையாகப் பயிர்செய்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றி ஆட்டுப் பண்ணைகளுக்கு நிலத்தைக் கொடுத்தார்கள். ஸ்ட்ராத்நேவரில் வீடுகளுக்குத் தீ வைத்ததாக அவர்களுடைய காரியஸ்தர் பேட்ரிக் செல்லர் 1816-ல் விசாரிக்கப்பட்டு விடுதலையானார். மாளிகை இன்றைய உருவம் பெற்றது 1845-க்குப் பிறகு. கோட்டைக்கு மேலே பென் பிராகி குன்றில் அந்தக் கணவரின், அதாவது முதலாம் சதர்லாந்து டியூக்கின், சிலை 1837 முதல் நிற்கிறது. அதை அகற்றச் சொல்லும் குரல்கள் இன்றும் உண்டு. டன்ராபினுக்குப் போகிறவர்கள் வடக்கே கொஞ்ச தூரத்தில் ஹெல்ம்ஸ்டேலில், புலம்பெயர்ந்தவர்களுக்காக 2007-ல் வைத்த வெண்கலச் சிலையையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இன்னும் ஒரு இடம். டன்ராபினுக்குத் தெற்கே, ஆல்னஸ் ஊருக்கு மேலே 450 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள ஃபைரிஷ் குன்றின் உச்சியில் ஒரு கல் வாயில் நிற்கிறது. வளைவுகளும் தூண்களும் மட்டும், பின்னால் கோட்டை கிடையாது. நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயலில் கட்டியது என்பார்கள். கட்டச் சொன்னவர் நோவார் மாளிகைக்காரரான சர் ஹெக்டர் மன்ரோ. 1764-ல் பக்ஸாரிலும் 1778-ல் பாண்டிச்சேரியிலும் வென்ற கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி. 1780-ல் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை அழித்தபோது, சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்தும் உதவிக்குப் போய்ச் சேராதவர். கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு மதராசுக்குப் பின்வாங்கினார். அடுத்த ஆண்டு டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பி மாளிகையையும் தோட்டத்தையும் விரித்தார். குன்றின் மேல் நினைவுச்சின்னம் எழுப்பியதே, வேலையில்லாமல் தவித்த உள்ளூர் மக்களுக்குக் கூலி கொடுக்கத்தான் என்று அங்கே சொல்வார்கள். கூலி நாள் கூடட்டும் என்று அவர் ஏற்றிய கற்களை இரவில் உருட்டிவிடுவாராம் என்றும் ஒரு கதை. ஆனால் அந்த வாயிலில் நினைவுகூரப்படுவது நாகப்பட்டினத்து வெற்றி மட்டும்தான், பொள்ளிலூர் அல்ல.

நோவார் மாளிகை தனியார் வீடு, டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம் அல்ல. குன்றுக்கு அந்தத் தடை இல்லை. ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, வீட்டையும் அதைச் சுற்றியுள்ள தோட்டத்தையும் தவிர்த்துவிட்டு, பயிருக்கும் கால்நடைக்கும் தொந்தரவில்லாமல், பெரும்பாலான நிலத்தில் யாரும் நடக்கலாம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பைன் காட்டு வழியாகப் பாதை போகிறது. ஏறி இறங்க இரண்டு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், சேறு இருக்கும், நல்ல பூட்ஸ் வேண்டும்.